மேல்படிப்பா, பிள்ளையா? இரண்டையும் ஒரே காலண்டரில் எழுதுவோம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வசூல், கடன் தவணை, தீர்மானம் எல்லாம் முடிந்து ஊக்குநர் நோட்டை மூடும் நேரம். ஓர் உறுப்பினர் எழுந்து, "மேடம், ஒரு விஷயம் கேக்கணும். என் மருமகளுக்கு மேல்படிப்புக்கு சீட்டு கிடைச்சிருக்கு. கல்யாணம் ஆகி ஏழு மாசம்தான் ஆகுது. இன்னும் ரெண்டு வருஷம் படிக்கப் போனா, புள்ள எப்ப பெத்துக்கிறது?" என்றார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "புள்ளைய முதல்ல பெத்துக்கட்டும், படிப்பு எங்கே போயிடும்?" என்று ஒரு பக்கம். "சீட்டு திரும்பக் கிடைக்குமா? படிச்ச புள்ளைய வீட்ல உட்கார வெச்சா அதுவும் பாவம்தானே?" என்று இன்னொரு பக்கம். யாருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: "அந்தப் பெண் என்ன நினைக்கிறாள்?"

மருமகளுக்கு 26 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். சீட்டு கிடைத்திருப்பது தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு. அன்று சாயங்காலம் மாமியார், மருமகள், மகன் மூன்று பேரோடும் திண்ணையில் உட்கார்ந்தோம். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் வருடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தோம். அப்போது பேசியதைத்தான் இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம். நம் குழுக்களில் நர்சிங் படிக்கிற மகள், மருமகள் இல்லாத ஊர் குறைவு.

நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் யார்?

சாதாரண ஸ்டாஃப் நர்சைவிட ஒரு படி கூடுதல் பயிற்சியும் பொறுப்பும் உள்ளவர். நோயாளியைப் பரிசோதித்து நிலைமையை மதிப்பிடுவார். வென்டிலேட்டரைக் கவனிப்பார். மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் நெறிமுறைப்படி சில முடிவுகளைத் தாமே எடுப்பார். டாக்டர் ஆகிவிடுவதில்லை, டாக்டரோடு சேர்ந்து வேலை செய்கிறார்.

நம் நாட்டில் இது புதிது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான இந்த இரண்டு வருடப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17 வாக்கில் கொண்டுவந்தது. எம்.எஸ்சி.க்குச் சமமான பட்டம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பதிவு செய்து, குறைந்தது ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். பிரசவம் பார்ப்பதற்கு என்று தனியாக ஒன்று உண்டு. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அது 18 மாதப் பயிற்சி.

சேரும் முன் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். பல மருத்துவமனைகளில் இந்தப் பெயரில் தனிப் பதவி இன்னும் வரவில்லை. "முடித்தவர்களை எந்தப் பதவியில், என்ன சம்பளத்தில் எடுத்தார்கள்?" என்று கல்லூரியிலேயே கேளுங்கள். முந்தைய வருடம் படித்த இரண்டு பேரிடமும் பேசுங்கள்.

மற்ற படிகளையும் தெரிந்துகொள்வோம்:

- ஏ.என்.எம். – 2 வருடம்
- ஜி.என்.எம். – 3 வருடம்
- பி.எஸ்சி. நர்சிங் – 4 வருடம்
- ஜி.என்.எம். முடித்தவர் பட்டதாரி ஆக போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. – 2 வருடம்
- எம்.எஸ்சி. நர்சிங் – 2 வருடம்
- ஒரு குறிப்பிட்ட பிரிவில் போஸ்ட் பேசிக் டிப்ளமோ – 1 வருடம்

இந்தப் படிகள் எல்லாம் 18 வயதிலிருந்து 32 வயதுக்குள் வருகின்றன. கல்யாணமும் பிள்ளைப்பேறும் அதே வயதில்தான் வருகின்றன. அதனால் இரண்டும் மோதும். மோதுவது யாருடைய குற்றமும் இல்லை. முன்கூட்டியே பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

படிப்பின் நடுவில் கர்ப்பமானால்?

நர்சிங் படிப்பில் வகுப்பு மட்டும் இல்லை, வார்டும் இருக்கிறது. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். ஆனால் பட்டம் வாங்க வார்டுப் பயிற்சியை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்கு விடுப்பு எடுத்தாலும், விட்டுப்போன டூட்டியைப் பிறகு செய்து ஈடுகட்டத்தான் வேண்டும். பிரசவத்துக்கு மூன்று மாதம் போனால் ஒரு தேர்வு தள்ளிப்போகலாம். படிப்பே போய்விடும் என்று அர்த்தம் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொரு பெண்ணின் ஞாபகம் வருகிறது. நம் பகுதியைச் சேர்ந்தவர்தான். ஜி.என்.எம். இரண்டாம் வருடத்தில் கல்யாணம், மூன்றே மாதத்தில் கர்ப்பம். கல்லூரியில் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்து மறைத்தார். உடம்பு முடியாமல் போனதும், கடிதம் கொடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகு போய்க் கேட்டால், "நீங்களாகத்தானே நின்றீர்கள், பேரை எடுத்தாச்சு" என்றார்கள். அசல் சான்றிதழை வாங்கவே பல தடவை அலைய வேண்டியிருந்தது. இன்று ஒரு மருந்துக் கடையில் உதவியாளராக இருக்கிறார். ஒரு வெள்ளைத்தாளில், "மகப்பேறு காரணமாக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு வேண்டும், அடுத்த அணியோடு சேர்ந்து தொடர அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

அதனால் சேரும்போதே மூன்று விஷயம் கேளுங்கள். பிரசவ விடுப்பு எடுத்தால் எப்படித் தொடர்வது? எத்தனை வருடத்துக்குள் படிப்பை முடிக்க வேண்டும்? மறுபடி கட்டணம் கட்ட வேண்டுமா? மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பு தர விதிமுறை வகுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. அதைச் சுட்டிக்காட்டியும் கேட்கலாம்.

80 நாள் கணக்கு

இது பல பேருக்குத் தெரியாத கணக்கு. கவனமாகப் படியுங்கள்.

வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 வாரமாக உயர்த்தினார்கள். 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். ஆனால் ஒரு நிபந்தனை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் சந்தா கட்டியிருந்தால் 26 வாரப் பணம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வரும்.

மாணவி ஊழியர் இல்லை. படிக்கும்போது பிரசவம் ஆனால் இந்தப் பணம் கிடையாது. படிப்பு முடிந்த கையோடு, வேலையில் சேரும் முன் ஆனாலும் கிடையாது. வேலையில் சேர்ந்து நாலைந்து மாதம் கழித்து கர்ப்பம் தரித்தால், பிரசவத்துக்குள் 80 நாள் தாராளமாக வந்துவிடும்.

தமிழக அரசுப் பணியில் உள்ளவர்களுக்கு 2021 ஜூலை முதல் விடுப்பு 12 மாதம் என்று உயர்த்தப்பட்டது. தற்காலிக வேலையில் இருப்பவர்கள், "எங்களுக்கு எங்க மேடம் லீவு?" என்று கேட்கிறார்கள். தினக்கூலி மஸ்டர் ரோல் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது. விடுப்பில் இருக்கும்போது அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கக்கூடாது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை இடைவேளையும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேட்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கடன் கணக்கு

வங்கிக் கல்விக் கடனில் படிப்புக் காலமும், அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு 3 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வைப்போம். வருடத்துக்கு 30,000 ரூபாய். இரண்டு வருடப் படிப்பு, ஒரு வருடச் சலுகை, ஆக மூன்று வருடத்தில் 90,000 ரூபாய் வட்டி மட்டும்.

இப்போது பிள்ளைப்பேற்றை இதன் பக்கத்தில் எழுதுங்கள். படிப்பு முடிந்ததுமே குழந்தை என்றால், சலுகை வருடம் முழுக்க வருமானம் இல்லாமல் போகும். குழந்தை தவழும் நேரத்தில் தவணை வந்து நிற்கும். விடுப்புப் பணமும் இல்லை. அந்த நேரத்தில்தான் நம் குழுவில் வந்து அவசரக் கடன் கேட்கிறார்கள். கல்விக் கடன் தவணையைக் கட்ட குழுக் கடன், குழுக் கடனைக் கட்ட நகை அடகு. இந்தச் சங்கிலியை நாங்கள் ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில் பார்த்துவிட்டோம்.

தள்ளிப்போடுவது என்றால் எதை வைத்து?

"தள்ளிப் போடலாம்" என்று வாயால் சொன்னால் போதாது. எந்த முறை என்று முடிவு செய்யவேண்டும். எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. அதைப் படிப்புக் காலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

- காப்பர் டி: 5 வருட வகை, 10 வருட வகை உண்டு. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எடுத்ததும் கர்ப்பம் தரிக்கும் சக்தி உடனே திரும்பும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம்.
- அந்தரா ஊசி: மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஆனால் கடைசி ஊசிக்குப் பிறகு கர்ப்பம் தரிக்க 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம். படிப்பு முடிந்து சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். தெரியாமல் போட்டுக்கொண்டு, "ஊசியால மலடாயிட்டேனோ" என்று அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறோம். மலடு ஆகாது, தாமதமாகும், அவ்வளவுதான்.
- சாயா மாத்திரை: ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். நைட் டூட்டியில் கிழமை மறந்துபோகும். காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.
- ஆணுறை: பக்கவிளைவு இல்லை. ஆனால் கணவர் ஒத்துழைக்க வேண்டும். இது பெண்ணின் பொறுப்பு மட்டும் இல்லை என்று மகன்களுக்குச் சொல்லவேண்டியது நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு சீராக இல்லை, தைராய்டு, நீர்க்கட்டி என்று ஏதாவது இருந்தால், தள்ளிப்போடும் முன் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வயதும் ஒரு கணக்குதான். 35-க்குப் பிறகு கர்ப்பம் தரிப்பது வேகமாகக் குறைகிறது. 26-ல் இரண்டு வருடம் தள்ளுவதும், 34-ல் இரண்டு வருடம் தள்ளுவதும் ஒன்று அல்ல. 34 வயதில் முதல் குழந்தைக்குக் காத்திருந்த நர்சு ஒருவரிடம் நாங்களே, "படிப்பு அப்புறம் இருக்கட்டும் சிஸ்டர்" என்றுதான் சொன்னோம்.

எந்தப் பிரிவு?

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள். டூட்டி நேரத்தையும், கர்ப்ப காலத்தில் அந்த இடத்தில் என்ன ஆபத்து என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

- ஐ.சி.யூ., அவசர சிகிச்சை: நைட் டூட்டி கட்டாயம். நோயாளியைத் தூக்கிப் புரட்டும் வேலை அதிகம். வார்டிலேயே எக்ஸ்ரே எடுக்கும்போது விலகி நிற்க வேண்டும்.
- ஆபரேஷன் தியேட்டர்: பெரும்பாலும் பகல் வேலை. ஆனால் அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே கருவி வைத்துச் செய்யும் ஆபரேஷன்களில் கதிர்வீச்சு உண்டு. கதிர்வீச்சுப் பணியில் உள்ளவர் கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு, மீதிக் காலம் முழுவதும் கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது என்பது விதி. அதனால் மறைக்கவே கூடாது.
- புற்றுநோய் வார்டு: கீமோ மருந்து கலக்கும் வேலையைக் கர்ப்பிணியும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவரும், பால் கொடுப்பவரும் தவிர்ப்பது நல்லது. வேறு வேலை மாற்றிக் கேளுங்கள்.
- பிரசவ வார்டு, மருத்துவச்சிப் பயிற்சி: இரவு பகல் இல்லை. ரத்தம் படும் வேலை என்பதால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்திருக்க வேண்டும்.
- சமுதாய நலம், துணை சுகாதார நிலையம்: பெரும்பாலும் பகல் வேலை, ஊருக்குப் பக்கம். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது நம் குழுப் பெண்கள் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்தார்களே, அவர்களோடு வேலை செய்த நர்சுகளிடம் கேட்டால் இந்த வேலையைப் பற்றி நன்றாகச் சொல்வார்கள். ஒப்பந்த வேலையா, நிரந்தரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- கல்லூரி ஆசிரியர்: எம்.எஸ்சி. வேண்டும். பகல் நேரம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு வசதி.

எந்தப் பிரிவாக இருந்தாலும் அம்மை, ரூபெல்லா தடுப்பூசிகளைக் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். ரூபெல்லா ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் கர்ப்பம் தரிக்க வேண்டும். போலிக் ஆசிட் மாத்திரையை ஒரு மாதம் முன்னாடியே தொடங்குங்கள்.

ஆனால் ஒன்று. குழந்தை மடியில் இருப்பது மூன்று நான்கு வருடம். வேலை முப்பது வருடம். ஐ.சி.யூ.தான் பிடிக்கிறது என்கிற பெண்ணை, "குழந்தைக்கு வசதி" என்று சொல்லி வேறு பிரிவுக்குத் தள்ளிவிடக் கூடாது. அந்த மூன்று வருடத்துக்கு மட்டும் பகல் டூட்டி கேட்கலாம். பிறகு ஒரு வருட டிப்ளமோ படித்துப் பிரிவை மாற்றலாம். பிடிக்காத வேலையில் முப்பது வருடம் ஓட்டுவது கஷ்டம்.

அந்தத் திண்ணையில் என்ன முடிவானது?

காலண்டர் தாளில் இரண்டு வழி எழுதினோம்.

முதல் வழி: இப்போது படிப்பு, 28-ல் முடிப்பு, வேலை, நாலைந்து மாதம் கழித்து கர்ப்பம், 29-ல் குழந்தை, விடுப்புப் பணத்தோடு. இரண்டாவது வழி: இந்த சீட்டை விட்டுவிட்டு, 27-ல் குழந்தை, 28-ல் மறுபடி விண்ணப்பம், 30-ல் முடிப்பு. இரண்டாவதும் தப்பான வழி இல்லை. ஆனால் அதற்கு ஒரு வயதுக் குழந்தையை நைட் டூட்டி நாட்களில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மாமியார் நூறு நாள் வேலைக்கும் கொல்லைக்கும் போகிறவர். "ராத்திரி நான் பாத்துப்பேன், பகல்ல யாரு?" என்று அவரே கேட்டார்.

அப்புறம் மெதுவாக அவர் மனதில் இருந்தது வந்தது. "படிக்கட்டும் மேடம், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா ரெண்டு வருஷம் ஊரு என்னைத்தான் கேக்கும், 'விசேஷம் ஒண்ணும் இல்லையா'ன்னு. அவளுக்கு ஏதோ குறைன்னு பேசுவாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

மருமகள் அதுவரை அதிகம் பேசவில்லை. "அத்தை, எனக்கும் அந்தப் பயம் இருக்கு. நைட் டூட்டில இருந்தப்ப தேதி தள்ளித் தள்ளிப் போச்சு. முதல்ல டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன். அவங்க சரின்னு சொன்னா படிக்கிறேன்" என்றார். ஏழு மாதத்தில் இந்தப் பேச்சு அந்த வீட்டில் அன்றுதான் முதல் தடவை வந்தது.

மறு வாரம் மாமியாரும் மருமகளுமாகப் போனார்கள். தைராய்டு கொஞ்சம் குறைவு, மாத்திரை சாப்பிட்டால் சரியாகும், இரண்டு வருடம் தள்ளுவதில் ஆபத்து இல்லை என்று மருத்துவர் சொன்னார். முறை எது என்பதைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மருமகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். ஊர் கேட்கிறதா என்று மாமியாரிடம் கேட்டோம். "கேக்கத்தான் செய்யுது. 'நாங்க எழுதி வெச்சிருக்கோம்'னு சொல்லிடறேன்" என்றார். சொல்லும்போது முழுச் சந்தோஷம் இல்லை முகத்தில். அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். காத்திருப்பது அவருக்கும் சுலபம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் நர்சிங் படிக்கிற, படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் உள்ளனர்? ஏன் வீட்டில் இருக்கிறார்கள்?
2. கல்யாணம் பேசும்போதே, "பெண் மேலே படிப்பாள், இத்தனை வருடம் வேண்டும்" என்று சொல்லிவிட நமக்கு ஏன் தயக்கம்?
3. படிக்கப் போகிற தாயின் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள, நம் குழு ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா?

மகளோ மருமகளோ மேல்படிப்பு பற்றிப் பேசினால், சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் முன் ஒரு காலண்டர் தாளைக் கிழித்து எடுங்கள். பேனாவை அவள் கையில் கொடுங்கள். வருடங்களை அவளே எழுதட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குக்கு உதவுவோம்.